பாளையக்காரர் கதவைத் திறக்கவில்லை

போன வாரம் என் தையல் கடையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கடைய பத்தி எழுதின, மிஷினு பத்தி எழுதின, என்ன பத்தி ஒரு வரி கூட இல்லியே" என்றார். இந்த வாரம் முழுக்க அவர்தான். பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்கக் கூடாது.

போன வருஷம் கங்கம்மா ஜாத்திரையின் கடைசி நாள். வெயில் நன்றாக ஏறிவிட்டது. மாந்தோப்பில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு முன்னால் ஊரே நிற்கிறது. பம்பை அடிக்கிறவர்களுக்குக் கை ஓய்ந்துபோய், தாளம் எப்போதோ ஒரு முறைதான் விழுகிறது. கொட்டகை வாசலில் துரை வேஷத்தில் கங்கம்மா, தலைப்பாகையும் கையில் மரக்கத்தியுமாக நிற்கிறாள். கங்கம்மா வேஷம் கட்டியிருப்பவர் எங்கள் பாஞ்சாலை நாடக மன்றத்தின் தலைவர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் மாமா.

கொட்டகைக்கு உள்ளே பாளையக்காரன் ஒளிந்திருக்கிறான். அது என் வீட்டுக்காரர் முனிரத்தினம். வெளியில் அவர் மோட்டார் காயில் கட்டுகிற மெக்கானிக்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்களை நிம்மதியாக இருக்க விடாத ஒரு பாளையக்காரன். அவனை முடிக்க அம்மன் கங்கம்மா புறப்படுகிறாள். அவன் பயந்து ஒளிந்துகொள்கிறான். அவள் தினம் ஒரு வேஷத்தில் தெருத்தெருவாகத் தேடுகிறாள். கடைசியில் அவனுடைய எஜமான் துரை மாதிரி வந்து கூப்பிட, நம் துரைதானே என்று நம்பி அவன் வெளியே வருகிறான். தலை போகிறது. திருப்பதி ஜாத்திரையில் இதே கதைதான் வேஷங்களாக வீதி சுற்றும். நாங்கள் அதை வசனம், பாட்டோடு நாடகமாகவே போடுகிறோம்.

நான் வழக்கம்போலக் கொட்டகையின் பக்கவாட்டு ஜன்னலில், வாசல் தெரியும்படி, வசனக் கட்டோடு நின்றேன். "வந்தேன் பிரபுவே" என்று எடுத்துக் கொடுத்தேன். உள்ளே சத்தமே இல்லை. மறுபடியும் கொடுத்தேன். தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு உள்ளே இருந்து முழங்கியது பாருங்கள், அது நான் எடுத்துக் கொடுக்காத வசனம்.

"ஏ துரையே! என் மனையாளுக்கு இந்த மன்றத்தில் ஓர் இருக்கை தரும்வரை, என் தலை உமக்குக் கிடையாது!"

கரண்ட் அடுப்பும் அடுப்புதான்

இதில் ஊருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் வயிற்றில்தான்.

பாளையக்காரன் தலை விழும்வரை எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. தலை விழுந்த பிறகு கங்கம்மாவே வாயைத் திறந்து, "அடுப்பை மூட்டுங்கள் பெண்களே" என்று உத்தரவு தர வேண்டும். அதன் பிறகுதான் பொங்கலும் கறிக்குழம்பும். அம்மன் வேஷத்தில் இருப்பவர் வாயில் வந்ததை யாரும் மீற மாட்டார்கள். மீறி மாடு செத்த கதை, போர் வற்றிய கதை என்று எல்லா வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

காஸ் வந்தபோது, "அது அடுப்பா, இல்லியா?" என்று ஒரு சண்டை. அடுப்புதான் என்று முடிவானது. பிறகு ஒரு மருமகள் இண்டக்ஷன் அடுப்போடு வந்து, "இதுல நெருப்பே இல்லியே மாமா" என்றாள். கண்டக்டர் மாமா அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "சுடுதா? சுடுது. அப்ப அடுப்புதான்" என்று தீர்ப்புச் சொன்னார். டீக்கடையும் அன்றைக்கு மூடிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு பிஸ்கெட்டு, பெரியவர்களுக்குத் தண்ணீர்.

பசியில் பிறந்த மன்றம்

எங்கள் மன்றம் பிறந்ததே இந்த அடுப்பால்தான்.

எங்கள் ஊர் ஆந்திராவில், எல்லை ஓரம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து கூத்து ஜமா வந்து ஆடுவார்களாம். ஒரு வருஷம் கடைசி நாள் விடிந்தும் ஜமாவைக் காணோம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே தமிழ்நாட்டில் இன்னொரு ஊர் இருக்கிறது. ஜமா அங்கே போய் இறங்கி வேஷம் கட்டிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள், யாரோ வேண்டுதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஆடவிட்டுச் சோறும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே ஊர் பட்டினி. தலை விழவில்லை, விழ வேண்டிய தலையே பஸ் ஏறி வேறெங்கோ போய்விட்டது. சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்து, ஒரு தறிக்காரர் தன் பெண்சாதி புடவையைச் சுற்றிக்கொண்டு கங்கம்மா ஆனார். கடன் கேட்டால் கண்ணில் படாமல் ஒளிகிற ஒருத்தரைப் பிடித்துப் பாளையக்காரன் ஆக்கினார்கள். வசனம் ஒன்றும் கிடையாது. "வாடா", "வர மாட்டேன்", "வாடா". வெட்டினார்கள், சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே, இனி நாமே போட்டுக்கொள்வோம் என்று மன்றம் ஆரம்பித்தாயிற்று. மன்றத்துக்குப் பாஞ்சாலை என்று பெயர். புடவைக்குச் சொந்தக்காரி அவள்தான். ஆனால் புடவைக்கு மட்டும்தான் மன்றத்தில் இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

மாவட்டத்தைப் பிரித்தபோது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்த எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் சித்தூர் ஜில்லா, பாதிப் பேர் திருப்பதி ஜில்லா என்று ஆனோம். பசிக்கு மட்டும் இன்னும் ஜில்லா பிரிக்கவில்லை.

படிக்க ஆள் இல்லாத தமிழ் மன்றம்

நான் தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த வருஷம் ஒரு வேடிக்கை பார்த்தேன். மன்றத்தில் தமிழில் எழுதிய பெரிய வசனக் கட்டு ஒன்று இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு அதற்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, விழுந்து கும்பிடுவார்கள். ஆனால் பிரித்துப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்கள். வாயால் சொல்லிக் கொடுத்து வந்த பெரியவர் காலமான பிறகு, ஆளாளுக்கு ஞாபகம் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாளையக்காரன் வசனத்தைக் கங்கம்மா சொல்லி, கங்கம்மா வசனத்தைப் பம்பைக்காரர் சொன்னார்.

நான் கட்டைப் பிரித்து இரண்டு பக்கம் வாசித்தேன். கண்டக்டர் மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டிக்கெட் எடுக்காமலே கையில் டிக்கெட் வைத்திருக்கிறவளைப் பார்ப்பது போல இருந்தது.

அன்றிலிருந்து நான்தான் சொல்லிக் கொடுப்பது. நான் வாசிக்க வாசிக்க அவர்கள் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆடும்போது நான் மறைவில் நின்று அடி எடுத்துக் கொடுப்பேன். துரையின் கோபமும் பாளையக்காரனின் பயமும் கங்கம்மாவின் உத்தரவும் முதலில் என் வாயில், தாழ்ந்த குரலில் வரும். பிறகு அவர்கள் வாயில் சத்தமாக வரும்.

சத்தமாகச் சொல்ல எனக்கும் ஆசை இருந்தது. நேராகவே சொல்கிறேன், ரொம்ப ஆசை இருந்தது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கங்கம்மா வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

திருப்பதியில் நடந்தது

ஒரு முறை திருப்பதியில் நாடகப் போட்டிக்குப் போனோம். ஒரு மணி நேரம்தான் கணக்கு என்று சொன்னார்கள். எங்கள் நாடகத்தில் ஒரு மணி நேரத்தில் கங்கம்மா திரைக்குப் பின்னால் நின்று வணக்கப் பாட்டு முடித்திருப்பாள், அவ்வளவுதான். மணி அடித்துத் திரையை இறக்கிவிட்டார்கள்.

நடுவர் ஒருவர் மேடைக்கு வந்து, "இந்தக்கீ ஆ பாலேகாடு எக்கடய்யா?" என்று கேட்டார். அந்தப் பாளையக்காரன் எங்கேதான் இருக்கிறான் என்று அர்த்தம். கண்டக்டர் மாமா கொஞ்சமும் அசரவில்லை. "தாக்குன்னாடு சார்" என்றார். ஒளிந்திருக்கிறான் சார். உண்மைதான். என் வீட்டுக்காரர் மீசை வரைந்துகொண்டு பின்னால் முட்டைபோண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆறுதல் பரிசு என்று எல்லோருக்கும் சால்வை போட்டார்கள். பம்பைக்காரருக்குப் போட்டார்கள், கூட வந்த வேன் டிரைவருக்கும் போட்டார்கள். வசனக் கட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "மீரெவரம்மா?" என்று கேட்டார்கள். நீங்கள் யாரம்மா என்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் மாமா, "மா இன்ட்டி பில்ல" என்றார். எங்கள் வீட்டுப் பெண். அதோடு சால்வை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் ரேணிகுண்டாவில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

மின்விசிறியைப் பார்த்த மனிதர்

அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "என்ன மெம்பர் ஆக்குங்க. வேஷமும் குடுங்க."

"நீ நம்ம வூட்டுப் பொண்ணும்மா. உனுக்கு எதுக்கு மெம்பரு?" என்றார் கண்டக்டர் மாமா. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம், பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். காயில் போயிருக்கிறதா என்று பார்ப்பவர் போல ரொம்ப நேரம் பார்த்தார். வருஷா வருஷம் நான் கேட்டேன், வருஷா வருஷம் அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

போன ஜாத்திரைக்கு முன்னால் வீட்டில் சொல்லிவிட்டேன். "இதான் கடைசி. அடுத்த வருஷம் எவனாவது தமிழ் படிக்கத் தெரிஞ்சவன இஸ்துகினு வாங்க. நா வர மாட்டேன்."

அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவர் தட்டைக் கழுவினதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கொட்டகை வாசலில் பொதுக்குழு

இப்போது மோட்டார் கொட்டகைக்கு வருவோம்.

"இன்னாடா முனிரத்தினம், விளையாடிக்கினு கீறியா? வெளிய வா" என்றார் துரை.

"முனிரத்தினம் என்று இங்கு எவரும் இல்லை! நான் பாளையக்காரன்!"

"சரிடா பாளையக்காரா, வா. ஊரே பட்டினி கீது."

"கொடுமை செய்வது என் குலத்தொழில்!"

ஜன்னலில் நின்ற எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம். வீட்டில் உப்பு குறைவு என்று சொல்லவே தயங்குகிற மனிதர் இவர்.

மன்றச் செயலாளர் சேகர், கரும்பு லாரி வைத்திருப்பவர், முன்னால் வந்தார். "மாமா, அப்படில்லாம் ஆக்க முடியாது. மன்றத்து பைலாவ, அதான் அந்த ரூல்ஸ் புக்க, பாக்கணும்."

"பைலா எங்க கீது?"

"பீரோல."

"சாவி?"

சேகர் கொட்டகையைப் பார்த்தார். "உள்ள கீற பாளையக்காரன் இடுப்புல."

டீக்கடை மங்கம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஒரு பொம்பளய மெம்பரு ஆக்கறதுக்கா புள்ளைங்க பட்டினி கெடக்குது? கட்டு பூரா படிச்சவ அவ. ஆக்கித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சேகரின் மனைவி சேகரை ஒரு பார்வைதான் பார்த்தாள். சேகர், "பொதுக்குழு கூட்டிட்டா பைலா மாத்தலாம் மாமா. எல்லா மெம்பரும் இங்கதான கீறோம்" என்று வழிக்கு வந்தார்.

அப்படியே அங்கேயே பொதுக்குழு கூடியது. முகத்தில் சந்தனமும் கரியும் வழிய, வேஷம் கட்டிய எல்லோரும் மாமர நிழலில் நின்று கையைத் தூக்கினார்கள். தூக்காத கை ஒன்றுதான், கத்தி பிடித்திருந்த கை.

கண்டக்டர் மாமா கத்தியை விடவில்லை. உள்ளே ஒரு பெண் வந்தால் அடுத்து எந்த வேஷம் கைமாறும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அந்த வேஷத்தைக் கட்டித்தான் அவர் தலை நரைத்தது. ஆனால் அவருக்கு சுகர். காலையில் இருந்து பச்சைத்தண்ணீர்தான். கத்தி லேசாக ஆட ஆரம்பித்ததை நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஆசையெல்லாம் போய்விட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போதும், வெளிய வாங்க. மாமாவுக்கு முடியல. எனுக்கு ஒண்ணும் வேணாம்" என்றேன்.

உள்ளே முழக்கம் நின்றது. வீட்டில் பேசுகிற அந்தச் சின்னக் குரல் வந்தது. "வசந்தா, இப்ப வந்துட்டா அப்பால எனுக்கு தைரியம் வராது. வேஷம் கலைஞ்சிட்டா நா மறுபடியும் ஃபேனதான் பாத்துக்கினு இருப்பேன்."

அது மாமா காதிலும் விழுந்தது. கத்தியை இடது கைக்கு மாற்றி, வலது கையைத் தூக்கினார். "ஏககிரீவங்கா பாஸ்" என்றார். ஒருமனதாக நிறைவேறியது.

கதவு திறந்தது. பாளையக்காரர் வேட்டியைத் தலைக்கு மேல் இழுத்து, கண்ணும் மீசையும் வரைந்து, முன்னமே பாதி அறுத்து வைத்த பூசணிக்காயை உச்சியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரே வெட்டு. உள்ளே கரைத்து வைத்திருந்த குங்குமம் பாளையக்காரர் மேலெல்லாம் வழிந்தது. "அடுப்ப மூட்டுங்கடி" என்று பாதிக் குரலில் உத்தரவு வந்ததும் பெண்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர் கேட்டார், "ரொம்ப பேசிட்டனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, துண்டில் குங்குமக் கறை பண்ணிவிட்டீர்களே என்று திட்டினேன்.

கத்தி கைமாறியது

இந்த வருஷக் கூட்டத்தில் கண்டக்டர் மாமா தானாகவே எழுந்தார். வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அம்மா வேஷம் வசந்தா கட்டட்டும்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"பொம்பள கட்டற வழக்கம் இல்லியே மாமா" என்றார் சேகர்.

"கங்கம்மா இன்னா ஆம்பளயாடா?" என்றார் மாமா.

ஜாத்திரை வந்தது. கடைசி நாள் துரை வேஷத்தில் கொட்டகை வாசலில் நான் நின்றேன். "அடே பாளையக்காரா!" என்று வாய் திறந்து கூப்பிட்டேன். என் குரல் தோப்புக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர், நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். போன வருஷம் பட்ட பசி அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

வெட்டினேன். பூசணிக்காய் இரண்டாகப் போனது. ஊரே விழுந்து கும்பிட்டது. கண்டக்டர் மாமாவும் கும்பிட்டார், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

எல்லோரும் உத்தரவுக்காக என் வாயைப் பார்த்தார்கள். பெண்கள் ஓடுவதற்குத் தயாராகக் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நின்றார்கள். விடியும் முன்னே எழுந்து வாசல் மெழுகி, தண்ணீர் தூக்கி, வேஷக்காரர்களுக்குப் புடவை கட்டிவிட்டு, பட்டினியாக வெயிலில் நின்ற முகங்கள். இனிமேல்தான் அவர்கள் அரைக்க வேண்டும், வடிக்க வேண்டும், பரிமாற வேண்டும், கழுவ வேண்டும்.

கட்டில் எழுதியிருந்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ வருஷம் நானே எடுத்துக் கொடுத்த வசனம்.

"அடுப்பை மூட்டுங்கள்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆண்களே" என்றேன்.

பம்பை நின்றது.

"மாமா, கட்டுல அப்படியா கீது?" என்று கேட்டார் சேகர்.

கண்டக்டர் மாமா என்னைப் பார்த்தார். வெளியே வராமல் உதட்டுக்குள்ளேயே சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "கட்டுல இன்னா கீதுன்னு நமக்கு படிக்கவா தெரியும்? அம்மா வாக்கு. மீறாத. நட" என்றார்.

"எனுக்கு காஸு பத்த வைக்கவே தெரியாது மாமா!"

"லாரி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு இதுவா கஷ்டம்? திருகுடா."

வேஷம் கட்டியவர்கள், கட்டாதவர்கள், லாரிக்காரர், தறிக்காரர் என்று ஆண்கள் வரிசையாக ஊருக்குள் போனார்கள். பெண்கள் மாமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஊருக்குள் இருந்து "மொளகாத்தூளு எந்த டப்பா?" என்று குரல்கள் வந்தன. மங்கம்மா எழுந்து பதில் சொல்லப் போனாள். கையைப் பிடித்து உட்கார வைத்தோம்.

அம்மன் வேஷம் கட்டியவள் முதல் சோறு சாப்பிட்ட பிறகுதான் வேஷம் கலைக்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு என் வீட்டுக்காரர் தட்டோடு வந்தார். வெங்காயம் அரிந்த கண்ணீரில் மீசை கன்னம் வரை கரைந்திருந்தது. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி கீது?"

குழம்பு அடிப்பிடித்திருந்தது. சோறு பாதி வேகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சமைத்துப் போட்ட முதல் சோறு. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.